சுவராக உட்காரும் வேலை

பல் மருத்துவர் ஒருவரின் வாசலில் பல வருஷம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர் கேள்விக்காரம்மா. வாயைத் திறக்கவே பயந்து வருகிறவர்களைப் பேச்சுக் கொடுத்தே திறக்க வைத்துவிடுவார். மருத்துவர் கடையைக் கட்டிவிட்டு மகன் வீட்டுக்குக் குடிபோன பிறகு, சமூக ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஆள் எடுப்பதாகக் காதில் விழுந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். அடுத்தவர் வீட்டு விஷயத்தை விசாரிப்பதற்குச் சம்பளமும் தருகிறார்களா என்று வியந்துகொண்டே சேர்ந்தார். பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

ஆய்வுக்குத் தலைமை வகித்த மேடம் கண்டிப்பானவர். பதிலை வாயில் ஊட்டிவிடுகிற மாதிரி கேள்வி கேட்கக் கூடாது என்பது அவருடைய முதல் பாடம். கேள்விக்காரம்மாவோ ஒத்திகையிலேயே, “வீட்டு வேலை ஒண்ணும் நீங்க செய்யறதில்லதானே?” என்று கேட்டு வைத்தார். மேடம் பொறுமையாகத் திருத்தினார். பிறகு கோட்பாடுகள் வந்தன. குடும்பம் ஓர் உடம்பு, ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையைச் செய்வதால் அது நிற்கிறது என்பார்கள் ஒரு சாரார். குடும்பம் கயிறு இழுக்கும் போட்டி, கை ஓங்கியவர் உட்காருவார், மற்றவர் ஓடுவார் என்பார்கள் இன்னொரு சாரார்.

“எங்க வீட்டுக்காரர் எந்த உறுப்புன்னு யோசிச்சுப் பாத்தேன் மேடம்,” என்றார் கேள்விக்காரம்மா. “குடல்வால்தான் ஞாபகத்துக்கு வருது.”

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

அந்த வருஷத்து ஆய்வு, வீட்டு வேலையை யார் செய்கிறார்கள் என்பது. கணவனிடம் தனியாக, மனைவியிடம் தனியாகக் கேட்டார்கள். கணவன்மார் எல்லாரும் பாதி வேலை தங்களுடையது என்றார்கள். மனைவிமார் எல்லாரும் மொத்தமும் தங்களுடையது என்றார்கள். கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றரை வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது.

“கேட்டா வேலைக்கு ஆகாது. போய் உக்காந்து பாக்கணும்,” என்று முடிவெடுத்தார் மேடம். “பேசக் கூடாது, உதவக் கூடாது, தலையாட்டக் கூடாது. நீங்க அந்த வீட்டுச் சுவர் மாதிரி.”

ஊரில் எத்தனையோ ஊமைச் சாமியார்கள் இருக்க, இந்த வேலை கேள்விக்காரம்மா தலையில் வந்து விழுந்தது.

கிடைத்த வீடு, ஓய்வு பெற்ற பஸ் டிரைவருடையது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நாற்காலி போட்டுக் கேள்விக்காரம்மா உட்கார்ந்தார். டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் பயந்த ஒரே ஜீவன், எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று தெரியாத செக்கிங் அதிகாரி. அவரே வீட்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டதாக டிரைவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“துடைப்பம் எங்க?” என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

“தினமும் எடுக்கறவருக்குத் தெரியாதா?” என்றார் தையல்காரம்மா, நன்றாகக் கேட்கும்படி.

கேள்விக்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். சுவர் சிரிக்கக் கூடாது.

டிரைவர் கூட்டினார், துவைத்தார், பாத்திரம் கழுவினார். தரை துடைக்கும்போது மட்டும் அவரிடம் ஓர் அழகு வந்தது. வாளியோடு திரும்புமுன் இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை. மூலையில் நிதானமாகப் பின்னுக்கு எடுத்து, சோபாவை உரசாமல் வெளியே வந்தார். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பால் பொங்கியது. டிரைவர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தையல்காரம்மா குளியலறையில். கேள்விக்காரம்மா கண்ணை மூடிப் பார்த்தார், முடியவில்லை. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, நடந்ததை உள்ளபடி குறிப்பிலும் எழுதிவிட்டார்.

“சுவர் மாதிரி இருங்கன்னுதானே சொன்னேன்,” என்று கடிந்துகொண்டார் மேடம்.

“சுவருக்கு மூக்கு இல்லீங்க மேடம். எனக்கு இருக்கே.”

மேடத்தின் உண்மையான கவலை பால் அல்ல. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள்; டிரைவர் நடிக்கிறார். நடித்து நடித்து அலுத்துப்போகும்வரை உட்கார்ந்தால்தான் நிஜம் வெளியே வரும். ஒரு வாரத்துக்கென்று இருந்தது ஒரு மாதமானது. செய்தி கேட்டு டிரைவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தையல்காரம்மா சுவருக்கு ஒரு மெத்தை போட்டுக் கொடுத்தார்.

நிஜம் ஒரு மத்தியானம் வந்தது. டிரைவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்து, திரும்பிப் பார்க்காமலே, “காபி,” என்றார். கேள்விக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்களே போட்டுக்கோங்க. எனக்கும் சேத்து,” என்றது தையல் மெஷின் பக்கத்திலிருந்து வந்த குரல்.

நடிப்பு அலுத்தது ஒருவருக்குத்தான். மற்றவருக்கு உட்கார்ந்து பழகிவிட்டது. அடுத்து மூண்டதைக் குறிப்பெடுக்கக் கேள்விக்காரம்மாவின் பேனா ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. தலைப்பிரசவத்துக்கு மறுநாள் தானே எழுந்து சமைத்தது தொடங்கி, போன வாரம் கழுவாமல் விட்ட டம்ளர்வரை எல்லாம் வெளியே வந்தது. பஸ் ஓட்டியே தேய்ந்த முதுகும் வந்தது, ஊசி பார்த்தே மங்கிய கண்ணும் வந்தது. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“நீங்களே சொல்லுங்க, இதுல நியாயம் யார் பக்கம்?”

சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. தொண்டைவரை வந்துவிட்டது. “நான் சுவருங்க,” என்றார் பாவமாக.

யார் முதலில் சிரித்தது என்று அவர் குறிக்கவில்லை, அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்ததால். கோபம் அடங்கியதும் அவர்களே பேசி முடித்தார்கள். தரையும் துணியும் டிரைவருக்கு. அடுப்புப் பக்கம் அவர் தலை வைக்க வேண்டாம், பாலுக்கும் காபிக்கும் தவிர. மத்தியானக் காபி முறை வைத்து.

ஆய்வறிக்கை தடிமனாக வெளிவந்தது. கேள்விக்காரம்மாவின் ஒரு மாதம் அதில் ஒரே வரி: பார்வையாளரின் இருப்பு குடும்பத்தினரின் நடத்தையை மாற்றியிருக்கலாம். அவருக்கு அந்த “லாம்” பிடிக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி வீட்டில் எல்லாருக்கும் காட்டினார்.

அறிக்கையை யாரும் படிக்கவில்லை. ஆனால் டிரைவர் மொட்டை மாடியில் துணி உதறுவதை அந்தக் கட்டடமே பார்த்தது. அடுத்த வாரமே பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் நிறுவனத்துக்கு வந்து, தங்கள் வீட்டிலும் ஓர் ஆளை உட்கார வைக்கும்படி கேட்டார்கள். இது ஆராய்ச்சி, சேவை அல்ல என்று மேடம் சொல்லிப் பார்த்தார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது. பார்த்தால்தான் மாறுகிறார்களா என்பதைச் சோதிக்கச் சீட்டுக் குலுக்கி, பாதி வீடுகளில் ஆள் உட்காருவதாகவும், ஒப்பிட்டுப் பார்க்க மீதி வீடுகளை அப்படியே விடுவதாகவும் புது ஆய்வு தொடங்கினார்.

சீட்டில் விடுபட்ட ஒரு பெண் நேராகக் கேள்விக்காரம்மாவின் மேசைக்கு வந்தார். “எங்க வீட்டுக்கு ஏன் யாரும் வரல?”

“நீங்க ஒப்பீட்டுக் குழுவுல இருக்கீங்கம்மா. நீங்க இல்லாம ஆராய்ச்சியே நிக்காது.”

“அப்ப எங்க வீட்ல என்ன நடக்கணும்?”

“எதுவும் மாறாம, எப்பவும் போல இருக்கணும்.”

“இத்தனை வருஷமா அதத்தானேங்க அவர் பண்ணிட்டிருக்காரு,” என்றார் அந்தப் பெண்.

கேள்விக்காரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு, மேடத்தைக் கூப்பிடப் போனார்.