வலைப்பூ வழியாக வந்த நோயாளிகள்

நோயாளி எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தால்தான் காது மூக்கு தொண்டை டாக்டருக்குப் பிழைப்பு. வாயைப் பார்க்காமலே பதில் சொல்லக் கிளம்பியவன் பாட்டைக் கேளுங்கள். திண்டுக்கல்லில் வலைப்பூ என்றால் அது என்ன பூ என்று கேட்ட காலம். என்னைப்போல் இணையத்தில் எழுதி மாட்டிக்கொண்ட சக டாக்டர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

விளம்பரமா?

எழுதத் தொடங்கிய சில மாதங்களில், டாக்டர்கள் கூட்டத்தில் மூத்த சர்ஜன் ஒருவர் எழுந்தார். "இது விளம்பரம். மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் போகும்" என்றார். டாக்டராகத் தொழில் செய்யும் பதிவே பறிபோனால் என்ன செய்வது? எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன்: காதில் தீக்குச்சி விடாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரி விலாசம்கூட அதில் இல்லை. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்ப்பா, எல்லாரும் காதுல எண்ணெய் ஊத்துறத நிறுத்திட்டா நீ எத வச்சுப் பொழைப்ப?"

பொம்மையில் இருந்தது

குழந்தை விழுங்கிய காசு வயிற்றுக்கு இறங்கிவிட்டதாக எக்ஸ்ரேயில் தெரிந்தால் பயமில்லை, தானே வெளியே வந்துவிடும் என்று எழுதியிருந்தேன். ஒரு நாள் காலையில் அதன் கீழே ஒரு பின்னூட்டம்: "பொண்ணு பொம்மைல இருந்த வட்ட பேட்டரிய முழுங்கிட்டாளுங்க. நீங்க எழுதுன மாதிரி காத்திருக்கறமுங்க. முருகேசன், நெய்க்காரப்பட்டி."

காசு சும்மா கிடக்கும். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே அரித்து ஓட்டை போட்டுவிடும். போன் நம்பர் இல்லை. உடனே கூட்டி வரச் சொல்லிப் பதில் போட்டேன். அவர் மறுபடி திறந்து பார்த்தால்தானே? பழனிப் பக்கம் போகும் மருந்துக் கம்பெனிக்காரரைப் பிடித்தேன். அவர் நெய்க்காரப்பட்டி மெடிக்கல் ஷாப்புக்குப் பேசினார். கடைக்காரர் பக்கத்து பிரவுசிங் சென்டரில் விசாரித்து, முருகேசன் வீட்டுக்கு வண்டியை விரட்டினார். "வாய்க்கு எதுவும் குடுக்காதீங்க, கார் புடிச்சு வாங்க" என்ற சேதி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

மதியம் குழந்தை ஆபரேஷன் தியேட்டரில் கிடந்தாள். பேட்டரி ஒரு பக்கம் கறுத்துப்போய் வந்தது. உள்ளே புண், நல்லவேளை, ஓட்டை விழவில்லை. வெளியே நின்ற முருகேசனிடம் கிண்ணத்தில் அதைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உதடு கோணியது.

"காசும் வட்டம், இதும் வட்டம்னு நெனச்சுட்டனுங்க."

கம்மிய குரல்

வாரக்கணக்கில் குரல் கம்மினால் காட்டுங்கள் என்று எழுதியதைப் படித்துவிட்டு, கல்லூரியில் படிக்கும் நஸ்ரின், அத்தா என்று அவள் கூப்பிடும் தன் அப்பாவை இழுத்து வந்தாள். தோல் வியாபாரி. வரும்போதே சண்டை. "ஏலம் கூவுற தொண்டை கம்மத்தான் செய்யும். ஊரையே பயங்காட்டி ஆள் புடிக்கிறீங்களா டாக்டர்?"

குரல்நாணில் சின்ன வெள்ளைத் திட்டு. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். மதுரையில் கதிர்வீச்சு, ஊர்ப்பேச்சில் கரண்ட், வைத்தார்கள். மாதங்கள் கழித்து அத்தாவும் மகளும் வந்தார்கள். அவர் வாயைத் திறந்தார். குரல் கணீரென்று வந்தது.

"இப்ப நான் ஏலங்கூவுனா தெருமுனை வரைக்கும் கேக்குது டாக்டர், வீட்லதான் இவ காதப் பொத்திக்கிறா."

கத்தியை ஒரே வீச்சில் வைக்கிற நான், ஊருக்குப் பொதுவாக இரண்டு வரி ஆலோசனை தட்டினால் மட்டும் இன்றும் பத்து முறை படித்துப் பார்த்த பிறகே வெளியிடுகிறேன்.