ஒரு டம்ளர் டீயும் ஒரு ஸ்பூன் கரியும்

மக்காச்சோளத்தை எல்லாரும் தின்பார்கள். நடுவிலிருக்கும் சக்கையை எவரும் சீந்தமாட்டார்கள். வயலோரம் குவித்துக் கொளுத்துவார்கள், ஊரே இருமும். அந்தச் சக்கையைத்தான் லாரி லாரியாக வாங்கி, காற்றுப் புகாத உலையில் அடைத்துச் சூடேற்றியது அந்தத் தொழிற்சாலை. எரிய விடக் கூடாது, கருக விட வேண்டும். வெளியேறும் புகையைக் குழாயில் குளிரவைத்தால் வினிகர் வாடையோடு ஒரு திரவம் சொட்டும். அதை ரசாயனக் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும். மிஞ்சிய கரிக்கு நீராவி கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டைகள் விழும். தண்ணீரிலிருக்கும் நிறத்தையும் நாற்றத்தையும் அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரிக்குத் தொழிற்சாலையில் பெயர் கார்பன்.

உலைக்காரருக்குப் பட்டப்பெயர் டீத்தண்ணி. ஆய்வகத்தில் மிஷின் இருந்தாலும் அவர் நம்பியது பால் விடாத ஒரு டம்ளர் டீயைத்தான். ஒவ்வொரு தடவை உலையிலிருந்து சரக்கு இறக்கும்போதும் அந்த டீயில் ஒரு ஸ்பூன் கார்பனைப் போட்டுக் குலுக்குவார், தாளில் வடிகட்டுவார். டீ தண்ணீராக இறங்கினால் சரக்கு நல்ல சரக்கு. அந்தத் தண்ணீரை எல்லார் முன்னாலும் குடித்தும் காட்டுவார். பதினாறு வருஷம் இப்படி.

டீ போட்டுத் தருவது அவர் மனைவி. கேன்டீன் அவள் பொறுப்பு. "நான் போடற டீயக் கழுவிக் குடிக்கிற மனுஷன் உலகத்துல இவர் ஒருத்தர்தான்," என்பாள்.

அந்த வாரம் அவளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண நாளுக்கு அவர் தள்ளுவண்டியில் ஒரு சிவப்புச் சால்வை வாங்கித் தந்திருந்தார். சாயம் போகாது, நான் கேரண்டி என்று அடித்துச் சொன்னார். முதல் சலவையிலேயே அவருடைய மூன்று வெள்ளைச் சட்டையும் ரோஸ் ஆகிவிட்டது. ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "இந்தக் கலர்லதான் வாங்கினேன்," என்று அதையே போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

களத்தில் சக்கையைக் காயவைக்கும் ஆறு பெண்களில் ஒருத்தி அவருடைய தங்கை. விடுவாளா?

"அண்ணா, கலர் நல்லாத்தான் இருக்கு. பொண்ணு பாக்கப் போறியா?"

"வேலையப் பாரு."

மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "சாயம் போச்சுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லுங்க. போதும்." அவர் சொல்லவில்லை. அவளும் விடாமல் அதே சால்வையைப் போர்த்திக்கொண்டு கேன்டீனுக்கு வந்தாள். வியர்வையில் கழுத்தெல்லாம் சிவப்பு.

இதற்கு நடுவில் முதலாளி ஒரு குண்டைப் போட்டார். தண்ணீர் ஃபில்டர் கம்பெனியின் சோதனைக்காரர் வருகிறார். அந்த ஆர்டர் போனால் இரண்டாவது உலையை மூட வேண்டியதுதான். களத்துப் பெண்கள் ஆறு பேரும் வீட்டுக்கு.

"நீங்க பயப்படாதீங்க. நான் காட்டறேன் அந்த ஆளுக்கு," என்று உலைக்காரர் ஆறு பேரிடமும் வாக்குக் கொடுத்தார்.

சோதனைக்காரர் வந்தார். ஆய்வக அறிக்கையைத் தொடக்கூட இல்லை. "பேப்பர் எல்லா ஊர்லயும் நல்லாத்தான் பேசுது. கண்ணால காட்டுங்க."

உலைக்காரர் காத்திருந்ததே அதற்குத்தான். "ஏம்மா, டீ கொண்டா."

மூடி போட்ட டம்ளர் வந்தது. உலைக்காரர் சோதனைக்காரரின் முகத்தையே பெருமையாகப் பார்த்தபடி மூடியை லேசாகத் தூக்கி ஒரு ஸ்பூன் கார்பனைக் கொட்டினார். மூடினார், குலுக்கினார், தாளில் ஊற்றினார். சாம்பல் நிறத்தில் சேறு சொட்டியது.

"ஏம்மா, இதுல பால் ஊத்தினியா?"

"ஊர் விட்டு ஊர் வந்தவருக்கு வெறும் டீயா குடுக்கறது? என் மானம் என்னாகறது?"

"இது குடிக்கறதுக்கு இல்லம்மா."

"நீங்க அதையும் குடிப்பீங்களே."

பாலின் வெள்ளை கரைந்த நிறமில்லை, மிதக்கிற கொழுப்பு, அதைக் கார்பன் பிடிக்காது என்று உலைக்காரர் விளக்கினார். சோதனைக்காரர் பையை மூடினார். "எங்க ஃபில்டர்ல இப்படித் தண்ணி வந்தா ஜனங்க என்னையே பிழிஞ்சு வடிகட்டிடுவாங்க."

"வேற டீ போடறோம் சார். பத்தே நிமிஷம்."

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

முதலாளிக்கு முகம் செத்துப்போனது. ஜன்னலுக்கு வெளியே சக்கை கிளறும் வாரியும் கையுமாக ஆறு பெண்கள். முன்னால் தங்கை. இப்போது அவள் கிண்டல் பண்ணவில்லை.

உலைக்காரர் மனைவியின் கழுத்தைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். 

"அந்தச் சால்வையக் குடு."

"எதுக்கு?"

"அது சாயம் போகும்."

"சரியா காதுல விழல."

"சால்வை சாயம் போகுது. இது வெள்ளைச் சட்டை. நான் வாங்கினது வெள்ளைச் சட்டை. போதுமா?"

ஜன்னல் பக்கம் ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மனைவி சால்வையின் ஒரு முனையை ஒரு கிளாஸ் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். சொந்தக் கையாலேயே பிழிந்தாள், இன்னொரு தடவையும் பிழிந்தாள். தண்ணீர் மாதுளைச் சாறு மாதிரி ஆனது.

இந்தத் தடவை சோதனைக்காரரே ஸ்பூனை வாங்கிப் போட்டார். அவரே குலுக்கினார். அவரே வடிகட்டினார். சொட்டுச் சொட்டாக இறங்கியது தண்ணீர், வெறும் தண்ணீர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பழக்கதோஷத்தில் உலைக்காரர் குடிக்கக் கை நீட்ட, மனைவி அந்தக் கையில் ஒன்று வைத்தாள்.

சோதனைக்காரர் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "அந்தச் சால்வை எங்க வாங்கினீங்க? எங்க ஆய்வகத்துக்கும் ஒண்ணு வேணும்."

இரண்டாவது உலை அணையவில்லை. சால்வை உலைப்பக்கம் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு உலை இறங்கும்போதும் ஒரு முனையை நனைக்கிறார்கள், இன்னும் சாயம் தீர்ந்தபாடில்லை. மனைவிக்குப் புதுச் சால்வை வந்தது. கடையிலேயே கிளாஸில் முக்கிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

டீக்கு வேலை போய்விட்டது. பதினாறு வருஷத்துக்குப் பிறகு உலைக்காரர் முதல் தடவையாகப் பால் ஊற்றிய டீயைக் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார். மனைவி எதிரே நின்றாள்.

"எப்படி இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சக்கரை கம்மி."

"அந்தக் கரியவே குடிங்க," என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனாள். போனவள் சர்க்கரை போட்டுக்கொண்டு வந்தாள்.