பச்சை விளக்குப் பெட்டியும் எங்கள் அக்காவும்

அக்காவின் காரியத்துக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

"அதிர்ந்து பேசாதவர், யார் மனத்தையும் புண்படுத்தாதவர்" என்று எழுதும்படி உறவில் மூத்தவர்கள் எனக்கு ஆலோசனை கூறினார்கள். அச்சகத்தில் அந்த வரிகள் தயாராகவே இருக்கின்றன. படத்தை மட்டும் மாற்றினால் போதும். அக்கா அதிர்ந்து பேசினார். பலர் மனம் புண்பட்டது. ஏன் என்று சொல்லாமல் அவர் வாழ்க்கையை எழுத எனக்குத் தெரியவில்லை.

முத்தியால்பேட்டையில் பிறந்தார். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வராத சில வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா காலமானபோது அக்கா மின்னியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் ஒரே பெண். பிறகு மின் மீட்டர்களைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் பட்டதாரியானேன். அத்தான் இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. மூன்றாம் வாரமே அக்கா வேலைக்குத் திரும்பினார். அதற்கும் சிலர் மனம் புண்பட்டது.

ஓய்வுக்குப் பின், மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் எதையும் அவர் சோதிக்காமல் விட்டதில்லை. பெட்ரோல் டாங்கில் போடும் மாத்திரை, கேஸ் குழாயில் மாட்டும் காந்தம், எதுவும் தேறவில்லை.

அந்தச் சமயத்தில் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பெட்டி ஒன்றை விற்கத் தொடங்கினார். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும், பில் பாதியாகும் என்றார். முதல் பெட்டி என் வீட்டில்தான். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். மார்கழி மாத பில்லைச் சித்திரை மாத பில்லோடு ஒப்பிட்டு, பாதியாகக் குறைந்தது உண்மை என்று நான் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். மார்கழியில் எங்கள் வீட்டில் ஏசி ஓடாது என்பது எனக்குத் தோன்றவில்லை. போதாததற்கு, அரசு அதிகாரியாக இருந்த என் பழைய பதவியின் முத்திரையையும் குத்தினேன். ஓய்வு பெற்றவர் முத்திரை வைக்கக் கூடாது என்ற விதியை எத்தனையோ பேருக்கு நானே படித்துக் காட்டியிருக்கிறேன்.

அந்தச் சான்றிதழின் நகலோடு மைத்துனர் வைத்திக்குப்பம் போனார். மீன் விற்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்குவதாக இருந்தது. அவர்களில் ஒருவர் அக்காவிடம் விசாரிக்க, அக்கா மீட்டர் பொருத்திய தம் சோதனைப் பலகையைத் தூக்கிக்கொண்டு குழுக் கூடத்துக்கே போய்விட்டார். நானும் அங்கு இருந்தேன்.

மைத்துனர் தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு, ஒயரைக் கவ்விப் பிடிக்கும் கருவியால் அளந்து காட்டினார். "ஆம்பியர் கொறையுது பாருங்க அக்கா. கண்ணால பாக்கறீங்க இல்ல?"

"கொறையுதுப்பா, இல்லன்னு சொல்லல. பில்லு ஆம்பியருக்கா வருது? யூனிட்டுக்கு வருது. மீட்டர பாரு."

மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். சிமிட்டல் கூடினால் யூனிட் கூடும். பெட்டி இல்லாமல் பத்து நிமிடம், பெட்டியோடு பத்து நிமிடம், இப்படி மூன்று முறை. எண்ணியவர்கள் அந்தப் பெண்கள். அக்கா கடிகாரத்தை மட்டும் பார்த்தார். ஒருமுறைகூட எண்ணிக்கை குறையவில்லை. இரண்டு முறை ஒரு சிமிட்டல் கூடியிருந்தது.

"அப்ப இந்தப் பச்ச லைட்டு எதுக்கும்மா எரியுது?" என்றார் ஒருவர்.

"அது எரியறதுக்கும் நீதான் கட்டணும்."

கூடமே சிரித்தது. மைத்துனர் சிரிக்கவில்லை. பெட்டிகள் அப்படியே திரும்பிப் போயின.

சில மாதங்களில் என் மகளின் திருமணம் வந்தது. சோதனை தவறு என்று அக்கா ஒரு வரி எழுதிக் கொடுத்தால்தான் வருவோம் என்றது மனைவியின் பிறந்த வீடு. கேட்கப் போனவன் நான்.

"தப்புன்னா எங்க தப்புன்னு காட்டுடா. இங்கியே கையெழுத்து போடறேன்" என்றார் அக்கா.

என்னால் காட்ட முடியவில்லை.

"அப்ப நீ குடுத்தத நீ வாபஸ் வாங்கு. எழுத்துல."

நான் வாங்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டிய அக்காவுக்குப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினேன். அதன் பொருள் தெரியாமல் அனுப்பவில்லை. என் மகளுக்கு அத்தை இல்லாமலே நலங்கு நடந்தது.

அக்கா படுக்கையில் விழுந்த பிறகுதான் மறுபடி அந்த வீட்டுப் படியேறினேன். கடைசி நான்கு மாதங்கள் தினமும் போனேன். அவராக அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒருநாள் நானே, "எம்மேல கோவமாக்கா?" என்று கேட்டேன்.

"கோவம் போயிடும்டா. பேப்பர் போவாது."

அந்தப் பேப்பருக்காகத்தான் இந்தப் பக்கம். மின்சேமிப்புப் பெட்டி குறித்து நான் அளித்த சான்றிதழ் தவறானது. அதை இதன்மூலம் ரத்து செய்கிறேன். அக்காவின் சோதனை சரியானது. இன்று பந்தியில் அமர்ந்திருக்கும் என் மைத்துனரும் இதைப் படிப்பார், படிக்கட்டும். இதை நீக்கச் சொன்னவர்கள், எந்த வரி பொய் என்று காட்டினால் நீக்கியிருப்பேன்.

அக்காவைத் தாயாகத் தாங்கிய அவர் மகளுக்கும், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்க்கும், அன்று வியாபாரத்தை விட்டுவிட்டுச் சுடுகாட்டு எல்லை வரை நடந்து வந்த வைத்திக்குப்பம் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் சான்றிதழின் நகலை வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துவிட வேண்டாம். ரத்தான ஆவணத்தை அழிக்கக் கூடாது. ரத்து உத்தரவை அதோடு சேர்த்து வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தை வெட்டி அதன் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி