பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்

போன வருடம் அக்டோபர் மாதம், லண்டனில், விம்பிள்டன் போகும் ரயிலில் நடந்தது இது. காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெளிச்சம்.

நான் திருநெல்வேலியில் மருந்துக்கடை நடத்துகிறேன். வயது நாற்பத்தேழு. வெளிநாடு போனது அதுதான் முதல் தடவை. தோழியும் நானும் சேர்ந்து போவதாகத்தான் ஏற்பாடு. கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது அவளுடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். "நீயாவது போயிட்டு வா" என்றாள். என் தங்கைக்கு இதில் இஷ்டமே இல்லை. அங்கே நம் நிறத்துக்காரர்களை யாராவது தெருவில் வைத்துத் திட்டுகிற வீடியோக்களாகத் தேடித் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். நான் பிடிவாதமாகக் கிளம்பிவிட்டேன்.

முதல் நான்கு நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனால், இறங்கப் போகிறாரா, நான் உட்கார்ந்ததாலா என்று யோசிப்பேன். இப்படி யோசித்தே களைத்துப்போவேன். ஊரிலும் கறுப்பு என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் அங்கே என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நிறம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் விம்பிள்டனில் ஒரு கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். கையில் ஊரிலிருந்து கொண்டுபோன மஞ்சள் துணிப்பை, அதில் கொஞ்சம் ஆப்பிள். அந்த ரயிலில் பெட்டிக்குப் பெட்டி கதவு கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து போகலாம்.

எனக்கு நாலைந்து இருக்கை தள்ளி, தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி வயசு. அவள் முன்னால் ஒருவன் வந்து நின்றான். குடித்தவன் மாதிரி தெரியவில்லை. தேய்த்த கோட்டு, பளபளக்கும் ஷூ. முதலில் மெதுவாகத்தான் பேசினான். பிறகு குரல் ஏறியது. உன் நாட்டுக்குப் போ என்றான். நான் இங்கேதான் பிறந்தேன் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் சிரித்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து ரயில் வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அவன் இந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அடுத்த ஸ்டேஷனில் அந்தப் பெண் இறங்கிவிட்டாள். அது அவள் இறங்க வேண்டிய இடம்தானா என்று தெரியாது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான்.

எதிரில் வந்து முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். உன்னை யார் உள்ளே விட்டது என்று கேட்டான். பையில் என்ன என்று கேட்டு ஷூ நுனியால் அதைத் தள்ளினான். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தேன். பின்னாலேயே வந்தான். அந்த ஷூ சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லோரும் போனில் மும்முரமாக இருந்தார்கள், சற்று முன் நான் இருந்த மாதிரியே. கடைசிக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் போக இடமில்லை. ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அவசர பொத்தான் தலைக்கு மேலேயே இருந்தது, கைதான் எழவில்லை.

"அக்கா, இஞ்சையோ இருக்கிறியள்? உங்களைத்தான் தேடிக்கொண்டு வாறன்."

தமிழ்! நிமிர்ந்து பார்த்தேன். கருநீல வேலை உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை. என் வயசுதான் இருக்கும். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவனைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவனைப் பாக்காதேங்கோ. என்னோட கதையுங்கோ" என்றார் மெதுவாக.

அவரே காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பிரெட் என்றேன். அது காணாதே என்று சொல்லிவிட்டு மீன் குழம்பு வைக்கிற கதையை ஆரம்பித்தார். எந்த மீன், எவ்வளவு புளி, தேங்காய்ப்பால் எப்போது விட வேண்டும், எல்லாம். இங்கே இங்கிலீஷில் பேசு என்று அவன் கத்தினான். அவர் நிறுத்தவில்லை.

ரயில் தேம்ஸ் ஆற்றுப் பாலத்தின் மேல் வந்து நின்றுவிட்டது. கீழே தண்ணீர், எதிரே அவன். சிக்னலுக்காக நின்றிருக்கும். இரண்டு மூன்று நிமிஷம்தான். எனக்கு அது முடிகிற மாதிரியே இல்லை. அவன் குனிந்து எங்கள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை ஓங்கி அறைந்தான். அவருடைய பேச்சு அப்படியே நின்றது. அவர் நகம் என் மணிக்கட்டில் அழுந்தியது. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "பிறகு வெந்தயம் போடோணும்" என்றார்.

"எவ்வளவு போடணும்?" என்று கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ரயில் நகர்ந்தது. அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்ததும் அவன் எங்கள் காலடியில் துப்பிவிட்டு இறங்கிப் போனான்.

விம்பிள்டனில் இறங்கியதும் அந்த அம்மாவால் நிற்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் அதுவரை அவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறதாம். விடிகாலை துப்புரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிற வழியாம். என் துணிப்பையில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்துத்தான் என்னைத் தமிழ் என்று தெரிந்துகொண்டாராம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, முதல்ல அந்தப் பொண்ணை அவன் திட்டினப்ப நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் அந்தப் பிள்ளைக்கு நேர முன்னாலதான் இருந்தனான். நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். இறங்கேக்க அவள் என்னைப் பாத்தவள், அக்கா. அதுக்குப் பிறகு என்னால இருக்க ஏலேல்லை."

இருவரும் போய் ஸ்டேஷன் ஊழியரிடம் நடந்ததைச் சொன்னோம். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் முதலில் சொன்னார் அந்த அம்மா. எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர் பஸ் பிடித்துப் போய்விட்டார். பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கோயிலில் கண்ணை மூடினால், முக்காடு போட்ட அந்தப் பெண்தான் வந்தாள்.

மிச்சமிருந்த நாட்களும் தனியாகத்தான் சுற்றினேன். இப்போதும் தனியாகப் போகிறேன், பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய துணை அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. அதை நான் இன்னொருத்திக்குக் கொடுக்கும் வரை அது என்னுடையது ஆகாது என்றே தோன்றுகிறது.