யாரும் அமுக்காத பொத்தான்

மலைக்கிராமமான கிளாவரையில் அரை ஏக்கர் பூண்டு போடும் காளியாயி, கணவன் ஆண்டிச்சாமி இடுப்பொடிந்து படுத்த பிறகு கொடைக்கானலுக்கு வந்து ஒரு விடுதியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருடத்தில், ஆட்கள் விட்டுப்போகும் குப்பையை வைத்தே அவர்களை எடைபோடப் பழகியிருந்தாள்.

போன ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஏழு பேர் வந்து இறங்கினார்கள். இணையத்தில் தேடித் தரும் ஒரு கம்பெனியின் ஆட்கள். அவர்களுடைய தேடுபக்கத்தில் இரண்டு பொத்தான்கள். முதலாவதை அமுக்கினால் பட்டியல் வரும். 'அதிர்ஷ்டம் பார்க்கலாம்' என்ற இரண்டாவதை அமுக்கினால், பட்டியலே இல்லாமல் கம்பெனி பொறுக்கிய ஒரே பக்கத்தில் போய் விழலாம். அதை யாரும் சீண்டுவதில்லை. அதை என்ன செய்வது என்று யோசிக்கத்தான் நான்கு நாள் தங்கல், ஏரியைப் பார்த்த கூடம், மூன்று வேளை விருந்து.

மூன்றாம் நாள், பொத்தானை அமுக்கிப் பார்க்க அவர்களுக்கு ஒரு 'சாதாரண ஆள்' தேவைப்பட்டது. எச்சில் கப் எடுக்க வந்த காளியாயி அகப்பட்டாள்.

"அக்கா, என்ன தேடணும்னு சொல்லுங்க, நான் அடிக்கிறேன்," என்றான் குகன். பழனிக்காரன், அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"எங்க தோட்டத்துல பூண்டுத்தாளு நுனி காயுது சார். அதக் கேளுங்க."

இரண்டாவது பொத்தானை அவளையே அமுக்கச் சொன்னார்கள். பூண்டு மாத்திரை விற்கும் பக்கம் திறந்தது. ஏழு பேரும் சிரித்தார்கள்.

"எப்படி ஃபீல் பண்றீங்கக்கா?"

"காயிறது என் பயிரு. மாத்திரைய நானா முழுங்குறது? ஆமா, இத எத்தன பேரு அமுக்குறாங்க?"

"நூத்துல ஒருத்தர்கூட இல்ல."

"அப்பப் புடுங்கிப் போட்டுட்டு வேற சோலியப் பாருங்க. இல்லாட்டி, எங்க கொண்டுபோயி விடுவீகன்னு மொதல்லயே சொல்லுங்க. போற ஊரு தெரியாத ஜீப்புல எவ ஏறுவா?"

குகன் மொழிபெயர்த்ததும் கைதட்டினார்கள். 'ஜீப்' என்று மஞ்சள் சீட்டில் எழுதி டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். பிடுங்கிப் போடச் சொன்னதை ஒருவரும் எழுதவில்லை. இவ்வளவு படித்தும் சொன்னது காதில் ஏறாத கூட்டம் என்று நினைத்தபடி அவள் கப்புகளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அவர்கள் போன பிறகு சுவரில் இருநூறு சீட்டுகள் இருந்தன. டேப்பை உரித்தால் பெயிண்டும் கூடவே வந்தது. சூப்பர்வைசர் ஜெயப்பிரியா கத்தினாள்.

"ஒட்டுனவுகளக் கேளுங்க மேடம். எங்கிட்டக் கத்தாதீங்க," என்று சொல்லிவிட்டுக் காளியாயி அரைநாள் சுரண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, வடிகால் அடைத்துத் தோட்டத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நுனி காய்ந்தது அதனால்தான். அடைப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டாள். பாதிப் பூண்டு தப்பியது.

தீபாவளிக்கு வந்த மகள் தமிழ்மதி லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பொத்தான் அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு குட்டி ஜீப் ஓடியது, அவ்வளவுதான்.

"அமுக்குனா எங்க போகுமாம்?"

"அது தெரியாதும்மா."

காளியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தை மாதம் அதே கூட்டம் மறுபடி கூடத்துக்குப் பதிவு செய்திருப்பதாக ஜெயப்பிரியா சொன்னாள்.

"என்னைய சலவைக்கு மாத்திருங்க மேடம்," என்றாள் காளியாயி. "அழுக்குத் துணின்னா வெளுத்துரலாம்."

மாற்றிவிட்டார்கள். ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்தது. ஆனாலும் அந்தக் கூடத்துப் பக்கம் அவள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.