என் தொண்டைக்குக் குறித்த தேதி

ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் எனக்கு வேலை. கனெக்டரைச் செருகும்போது ‘கிளிக்’ என்று கேட்டால்தான் பூட்டிக்கொண்டதாக அர்த்தம். நான் செருகுவேன். பக்கத்து மேசையில் பேரிகை ஊர்ப் பெண் ஒருத்தி காதைத் தீட்டிக் கேட்டு, சரி என்று பச்சைப் புள்ளி வைப்பாள். காண்ட்ராக்ட் ஆளான என்னை அந்த வருஷம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

என் கிரகம், எச்சில் விழுங்கினால் என் தொண்டையும் ‘கிளிக்’ என்றது. பார்த்த டாக்டர்கள் கேஸ் டிரபிள் என்றார்கள், மனக்கவலை என்றார்கள். கவலை இல்லாமல் இருக்குமா?

ஒரு நாள் பூட்டாத கனெக்டர்கள் வண்டிக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. “சத்தம் கேட்டுச்சுங்க சார், அதான் புள்ளி வெச்சேன்” என்று அவள் அழுதாள். எந்தச் சத்தம் என்று சூப்பர்வைசர் கேட்டார். பயத்தில் எச்சில் விழுங்கினேன். அவருக்கும் கேட்டுவிட்டது.

எங்கள் கம்பெனியில் தப்பு நடந்தால் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டுத் தாளில் எழுத வேண்டும். ஏன் கழன்றது? பூட்டவில்லை. ஏன் அனுப்பினார்கள்? சத்தம் கேட்டது. ஏன் கேட்டது? ஆபரேட்டரின் தொண்டை. அதற்கு மேல் அவர்களுக்கு ஓடவில்லை. தீர்வு: சத்தத்தை நீக்குதல். பொறுப்பு: நான். முடிக்க வேண்டிய தேதியும் போட்டிருந்தார்கள். அதற்குள் முடிந்தால்தான் நிரந்தரம்.

கிருஷ்ணகிரியில் ஒரு தொண்டை டாக்டர் கழுத்தில் விரல் வைத்து விழுங்கச் சொன்னார், ஸ்கேன் எடுத்தார். “குரல்வளைக் குருத்தெலும்புல கொம்பு மாதிரி ஒரு நுனி இருக்குங்க. உங்களுக்கு அது நீளம். விழுங்கறப்ப மேல இருக்கிற எலும்புல உரசுது. வெட்டிடலாம். குரல் நரம்பு பக்கத்துலயே போகுது, யோசிச்சுக்குங்க. எப்ப வெச்சுக்கலாம்?”

நான் கம்பெனித் தாளை நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

மயக்கம் கொடுத்து, கழுத்தைக் கீறி, நுனியை வெட்டினார்கள். குரல் தப்பியது. வேலைக்குத் திரும்பிய அன்று மூன்று பேர் என் கழுத்தில் காதை வைத்தார்கள். ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துக் காட்டினேன். சத்தமே இல்லை. தாளில் கையெழுத்து விழுந்தது. வெட்டிய நுனியைக் கழிவுப் பொருள் போடும் சிவப்புப் பெட்டியில் போடக் கொண்டுவரவில்லையே என்றுதான் குறைப்பட்டார்கள்.

அடுத்த வாரமே கனெக்டர்கள் திரும்பி வந்தன. “இப்பவும் சத்தம் கேட்டுச்சுங்க சார்” என்றாள் அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கனெக்டரின் கொக்கியே சரியில்லை, சத்தம் போட்டுவிட்டு நழுவுகிறது என்று செருகிக் காட்டினேன்.

“கொக்கி வெளியில இருந்து வர்ற பொருளுப்பா. அதை மாத்த நம்மால ஆகாது” என்ற சூப்பர்வைசர், என் நிரந்தர ஆர்டரின் மேல் புது ‘ஏன்’ தாள் ஒன்றை வைத்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

“முட்டி ஏதாச்சும் சத்தம் போடுதா? உட்காந்து எந்திரி.”

உட்கார்ந்து எழுந்தேன்.