பார்க்காமல் போட்ட கையெழுத்து

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகள் சாட்சி.

அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளுடைய அப்பா, புதுக் கட்டடங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அவருக்கு 'முத்திரை' என்று பட்டப்பெயர். அவ்வளவு வேகமாகக் குத்தித் தள்ளுவாராம்.

அந்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரல் கைவிட்டுவிட்டது. ஒருநாள் மாலை, மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நெறைய கட்டடத்துக்குப் போய்ப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேம்மா. மேலதிகாரி வெரட்டினாரு. நானும் தலையாட்டிட்டேன்."

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? தூங்குங்க."

"மனுஷன் போனப்புறம் பேருதாம்மா மிஞ்சும். எம் பேரு எந்தெந்தச் செவுத்துக்குள்ள இருக்கோ..." விம்மினார். "உன் ஸ்கூலும்தான்."

மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் ஓடினாள்.

"சாகக் கெடக்கிறவர் ஒளர்றத வச்சு ஸ்கூல மூடச் சொல்றீங்களா?" என்றார் அவர். வேறு வழியில்லாமல் மாடிக்குப் போனாள். மாடியில் அவள் வகுப்பு ஒன்றுதான்.

மதியம் 2.20.

டொக்... டொக்... டொக்...

"டீச்சர், யாரு தட்டுறா?"

பின்பக்கச் சுவரில் யாரோ தட்டினார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் எதுவுமே இல்லை. வெட்டவெளி.

2.31. வாசலில் அப்பா நின்றார். ஆஸ்பத்திரி உடுப்பு. உடம்பெல்லாம் சிமென்ட் தூசி.

"அப்பா? எப்படி வந்தீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. மேலே, உத்தரத்தைப் பார்த்தார்.

"புள்ளைங்கள கூட்டிட்டுப் போ."

குரல் கேட்டது. உதடு அசையவில்லை...

அலறி அடித்துக்கொண்டு எல்லாரையும் இறக்கினாள். அலறல் கேட்டுக் கீழ் வகுப்புகளும் வெளியே ஓடின. 2.38. கடைசிப் பிள்ளையும் மைதானத்துக்கு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலில் அப்பா தெரிந்தார். இரண்டு கைகளாலும் உத்தரத்தைத் தாங்கியபடி. தோள்கள் வெடவெடவென்று நடுங்கின.

"அப்பா... வந்துடுங்க!"

ஒரு சத்தம்.

தூசி.

மாடி இல்லை.

இருட்டும்வரை இடிபாட்டைத் தோண்டினார்கள். உள்ளே யாரும் இல்லை. அவளுடைய போனில் ஆஸ்பத்திரியிலிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருந்தன. அப்பாவின் உயிர் 1.50க்கே பிரிந்திருந்தது.

அடக்கம் முடிந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் எத்தனை கட்டடம்? யார் யார் தலைக்கு மேலே? மூன்றாம் நாள் அப்பாவின் பழைய அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அப்பா சான்று கொடுத்த கட்டடங்களோட பட்டியல் வேணும் சார். ஒங்க கால்ல விழறேன்."

குமாஸ்தா விடுமுறை முடிந்து முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியவர். சாவுச் செய்தி அவருக்குத் தெரியாது. விழித்தார்.

"நேத்து அப்பாவே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா. நாப்பத்தோரு கட்டடம். ஒரு வார்த்தை பேசல மனுஷன். ஆனா ஒவ்வொரு பேரா வெரல் வச்சு, ஒண்ணு விடாம படிச்சுட்டுத்தான் போனாரு."